முதல் தடவை ஏஏ மீட்டிங் போறது எப்படி? குடிய விடணும்னு நினைக்கிறவங்களுக்கு

எனக்கு சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும்தான் கண்டம். காலைல சாமி படத்து முன்னாடி சத்தியம் பண்ணிருப்பேன், வேலை முடிஞ்சு வெளிய வந்தா கால் தானா டாஸ்மாக் பக்கம் திரும்பிடும். ஏஏ மீட்டிங் பெரும்பாலும் அந்த நேரத்துலதான் வைக்கிறாங்க, எனக்கு அது கை குடுத்ததுக்கு முக்கிய காரணமே அதுதான்னு நான் நம்புறேன். ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிங்களே ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்குற குழு. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல ஒரு பங்குச்சந்தை ஆளும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே குடிநோயாளிங்க, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மனசு விட்டு பேசியே குடிக்காம இருந்து காட்டினாங்க, அங்க ஆரம்பிச்சது. இப்ப வரைக்கும் அதேதான் நடக்குது.

ஸ்டெப் 1: முதல்ல டாக்டர்

தினமும் நிறைய குடிக்கிறவங்க தயவுசெஞ்சு திடீர்னு தானா நிறுத்தாதீங்க. கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மையோட போகாது, ஒன்னு ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல இல்லாத பூச்சி உடம்புல ஊர்ற மாதிரி, யாரோ பேசுற மாதிரி எல்லாம் ஆகலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கும், அங்க போய் "தினமும் இவ்ளோ குடிக்கிறேன், நிறுத்தணும்"னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அளவ கொறச்சு சொன்னா மருந்தும் தப்பா போயிடும். மீட்டிங் மருந்துக்கு பதில் இல்ல, ரெண்டும் வேணும்.

ஸ்டெப் 2: மீட்டிங் எங்க நடக்குதுன்னு தேடுறது

ஏஏ இந்தியாவோட வெப்சைட்ல ஊர் வாரியா பாருங்க. இல்லன்னா போதை மீட்பு மையத்துல கவுன்சிலர்கிட்ட கேளுங்க, அவங்களுக்கு பக்கத்து குரூப்லாம் தெரிஞ்சிருக்கும். 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா 14416, டெலிமானஸ், தமிழ்லயே பேசலாம். கிளம்புறதுக்கு முன்னாடி குரூப் நம்பருக்கு ஒரு போன் போட்டுடுங்க, ஏன்னா சர்ச் ஹால், ஸ்கூல் ரூம்னு நடக்கறதால இடமும் நேரமும் மாறும். தமிழ் மீட்டிங்கான்னு கேளுங்க, ஓப்பனா க்ளோஸ்டான்னும் கேளுங்க. ஓப்பன்னா வீட்டு ஆளுங்களும் கூட வரலாம், க்ளோஸ்ட்னா குடிப்பிரச்சனை உள்ளவங்க மட்டும். ஊர்ல எதுவுமே இல்லன்னா ஜூம்ல நடக்கறது இருக்கு.

ஸ்டெப் 3: போற அன்னைக்கு

சாப்பிட்டுட்டு போங்க. பசி, கோபம், தனிமை, அலுப்பு, இந்த நாலும் சேந்தா குடி தேடும்னு அங்க திரும்பத் திரும்ப சொல்வாங்க, என் அனுபவத்துல பசிதான் முதல் எதிரி. டாஸ்மாக் இல்லாத ரோடா பாத்து போங்க, சுத்துனாலும் பரவால்ல.

நான் முதல் நாள் கேட் வரைக்கும் போய் திரும்பிட்டேன், யாராவது தெரிஞ்சவங்க பாத்துட்டா என்ன ஆகும்னு பயம். மறுநாள்தான் உள்ள போனேன். ஒரு பெரியவர் டீ குடுத்தாரு, டம்ளர்ல பாதிதான் ஊத்தியிருந்தாரு. என் கை ஆடுறத அவர் பாக்கக்கூட இல்ல, புதுசா வர்றவனுக்கு கை ஆடும், முழுசா ஊத்துனா சிந்தும், எல்லார் முன்னாடியும் கூனிக் குறுகி நிப்பான்னு அவருக்கே தெரியும். அந்த பாதி டம்ளர் டீக்காகத்தான் அன்னைக்கு நான் உக்காந்தேன்.

ஸ்டெப் 4: உள்ள என்ன நடக்கும்

கொஞ்ச நேரம் மௌனம், பிரார்த்தனை, அப்புறம் ஒவ்வொருத்தரா "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு அவங்க கதைய பகிர்வாங்க. நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாங்க, புத்தி சொல்ல மாட்டாங்க. நீங்க பேசணும்னு கட்டாயம் இல்ல, "இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னா போதும். முழுப் பேரு, வேலை, சாதி எதுவும் கேக்க மாட்டாங்க. பீஸ் இல்ல, கடைசில ஒரு பை சுத்தி வரும், விருப்பப்பட்டா போடலாம், புது ஆள் போட வேண்டியதே இல்ல. குடிய விட்டு வாழ ஏஏ சொல்ற வழி 12 படிகள், அதுல கடவுள் வருது, ஆனா அவங்கவங்க புரிஞ்சுக்கிற கடவுள்னுதான் சொல்றாங்க, நம்பிக்கை இல்லாதவங்களும் உக்காந்திருக்காங்க. குடிய விடணும்ங்கற ஆசை ஒன்னுதான் தகுதி.

ஒரு மீட்டிங் பாத்துட்டு "நமக்கு ஒத்துவரல"ன்னு முடிவு பண்ணாதீங்க. குரூப்புக்கு குரூப் மாறும், நாலஞ்சு தடவையாவது போங்க. முடிஞ்சதும் ஓடிடாம ரெண்டு மூணு பேர் நம்பர் வாங்கிக்கோங்க, முதல் கிளாஸ் குடிக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணணும், அப்புறம் பண்ணி பிரயோஜனம் இல்ல. பெண்கள் போனா பெண் மெம்பர் நம்பரே கேட்டு வாங்குங்க.

நடுவுல ஒரு தடவை நான் சறுக்கினேன், ஏழு மாசம் கழிச்சு. திரும்பப் போனப்ப ஏன்னு ஒருத்தரும் கேக்கல.

வீட்ல இருக்கறவங்களுக்கு

அல்-அனான்னு தனி குரூப் இருக்கு, 1951லேர்ந்து நடக்குது. குடிக்கிறவர் எங்கயும் வரமாட்டேன்னு அடம் பிடிச்சாலும் அக்கா, அம்மா, நீங்க தனியா போலாம். அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற பொடி, மாத்திரைன்னு விளம்பரம் பாத்து வாங்கிடாதீங்க, குடியோட சேந்தா உயிருக்கே உலை வைக்கிற மாத்திரைகளும் இருக்கு, டாக்டர் நேர்ல பாத்து அவருக்கும் சொல்லித்தான் குடுக்கணும்.