கேம் நடுவில் கொம்பியூட்டர் ஹேங் ஆனால்: ஃபோமட் அடிக்க முதல் பார்க்க வேண்டியவை

பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிய கேமிங் கொம்பியூட்டர் ஹேங் ஆகத் தொடங்கினால் கடையிலும் சரி, கூட்டாளிமாரிடமும் சரி, முதலில் கிடைக்கும் அறிவுரை "ஃபோமட் அடியுங்கோ" என்பதுதான். அதைக் கடைசிக்கு வையுங்கள். வன்னியில் ஓடும் மெஷினுக்கு வெக்கை, தூசி, கரண்ட் மூன்றும்தான் முதல் சந்தேகம். வின்டோஸின் முறை அதற்குப் பிறகு. ஃபோமட் அடித்தால் 100 ஜிபி கேமை டேட்டா காசு கட்டி மறுபடி இறக்க வேண்டி வரும். பழுது ஹாட்வேரில் என்றால் அடுத்த கிழமையே அதே ஹேங் திரும்ப வரும்.

எப்படி ஹேங் ஆகிறது என்பதை வடிவாகக் கவனியுங்கள். திரை நின்றவுடன் கீபோர்டில் நம் லொக் (Num Lock) பட்டனை அழுத்துங்கள். விளக்கு மாறாமல், ஒலியும் ஒரே துண்டில் "ர்ர்ர்" என்று இழுபட்டால் மெஷின் முழுக்கவே இறுகிவிட்டது. அநேகமாக றாம், சிபியு, பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்ட் நான்கில் ஒன்று. படம் மட்டும் நின்று, கூட விளையாடுபவர்களின் குரல் தொடர்ந்து கேட்டால் கிராஃபிக்ஸ் கார்ட் அல்லது அதன் டிரைவர். அப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வின்டோஸ், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒருமுறை இருண்டு படம் திரும்பினால் டிரைவர்தான் தடுக்கியிருக்கிறது. மௌஸ் அசைகிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை என்றால் டிஸ்க். கேம் மட்டும் நின்று மற்றதெல்லாம் ஓடினால் அந்தக் கேமின் ஃபைல்களைச் சரிபார்த்துப் பாருங்கள், மெஷினைக் கழற்ற வேண்டாம். ஹேங் ஆகாமல் ஒரேயடியாக அணைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ நேரே கரண்ட் பகுதிக்குப் போங்கள்.

அடுத்தது செலவில்லாத ஒரு சோதனை. கொம்பியூட்டரை பயோஸ் திரையில், அதாவது வின்டோஸ் எழும்ப முதல் திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரையில், ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கேயும் உறைந்தால் வின்டோஸிலோ டிரைவரிலோ பிழை இல்லை என்பது முடிவாகிவிடும். அங்கே உறையவில்லை என்பதற்காக ஹாட்வேர் நல்லது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் பயோஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை.

வின்டோஸுக்குள் பிழைகளைப் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முன்னுள்ள பதிவுகளைப் பாருங்கள். கேர்னல் பவர் 41 என்ற சிவப்புப் பதிவைக் கண்டு பதற வேண்டாம். மெஷின் முறையாக மூடப்படவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது; நீங்கள் பட்டனை அமத்திப் பிடித்து அணைத்தாலும் அதே பதிவு விழும். டபிள்யூஎச்ஈஏ லொகர் (WHEA-Logger) 18 இருந்தால் சிபியு, அதற்கான வோல்டேஜ் அல்லது றாம் பக்கம். டிஸ்பிளே 4101 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதிலளிக்காமல் போய் மீண்டிருக்கிறது. டிஸ்க் 7, அல்லது ஸ்டோரேஜ் டிரைவரின் 129 அடிக்கடி வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள்.

வெக்கையும் தூசியும்

கோடையில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டும் ஊரில், சீற் போட்ட அறைக்குள் அதைவிடக் கூடும். கேசிங்குக்குள் போகும் காற்றே சூடு என்றால் எத்தனை ஃபேன் பூட்டினாலும் அதற்குக் கீழே குளிராது. கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் ரோட்டுத் தூசி வேறு. சிபியு கூலரின் ஃபேனைக் கழற்றினால்தான் உண்மை தெரியும்: ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி போல ஒரு படை ஒட்டியிருக்கும். வெளியே நின்று ஊதினால் அது அசையாது. பிரஷால் உரித்தே எடுக்க வேண்டும்.

வெப்பந்தான் காரணமா என்று அறிய, கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை நேரே உள்ளே பிடித்துக்கொண்டு வழமைபோல விளையாடுங்கள். ஹேங் நின்றாலோ நன்றாகப் பிந்தினாலோ விடை கிடைத்துவிட்டது. எண்களும் வேண்டும் என்றால் எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) மென்பொருளைப் போட்டு, ஹேங் ஆகும் கடைசி நிமிடம் வரை பதிவு செய்ய விடுங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600 சிப்புக்கு எல்லை 90 பாகை. ரைசன் 7000 வரிசை 95 வரை போகவே வடிவமைக்கப்பட்டது, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையான டெஸ்க்டொப் சிப்களுக்கு 100. எல்லையைத் தொட்டால் சிபியு தானாக வேகத்தைக் குறைக்கும், அப்போது கேம் விட்டுவிட்டு ஓடும். வெப்பத்தால் முழு ஹேங் வருவது பெரும்பாலும் மதர்போர்டின் வோல்டேஜ் பகுதியோ கிராஃபிக்ஸ் மெமரியோ சுடும்போதுதான். கார்டின் ஹொட்ஸ்பொட் வெப்பம் சாதாரண ஜிபியு வெப்பத்தைவிட 30 பாகைக்கு மேல் கூடியிருந்தால் உள்ளே சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்துவிட்டது. பாவித்த கார்ட் வாங்கியவர்கள் இதை முதலிலேயே பாருங்கள்.

துப்புரவாக்கும்போது பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுழல விட்டால் பெயாரிங் தேயும், ஃபேனே சின்ன டைனமோவாகி போர்டுக்குள் வோல்டேஜை அனுப்பவும் கூடும். டயர் கடைக் கொம்பிரஸர் வேண்டவே வேண்டாம், அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும்.

பேஸ்ட் மாற்றுவதானால் பழையதை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்து, நடுவில் 5 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். ரைசன் 5 5600 போன்றவை பூட்டும் ஏஎம்4 போர்டில் கூலரைக் கழற்ற முதல் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கிப் பின் அணையுங்கள். கூலரை மெல்ல இடமும் வலமும் திருகியே தூக்குங்கள். குளிர்ந்த நிலையில் நேரே இழுத்தால் சிபியுவும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளையும்.

மாரியில் நிலத்தில் வைத்த கேசிங்குக்குள் எறும்பு குடியேறும். பல்லி பவர் சப்ளைக்குள் புகுந்து ஷோட் ஆவதும் உண்டு. மேசைக்கு மேல் வையுங்கள், பின்னால் பாவிக்காத ஓட்டைகளுக்குத் தகடு பூட்டுங்கள். நுளம்பு வலையை முன் ஃபேனுக்கு மேல் மடித்துக் கட்டுவது காற்றையே அடைத்துவிடும். ஒற்றைப் படையோடு நிறுத்துங்கள்.

கரண்ட்

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், 6 வீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் எல்லோரும் தண்ணி மோட்டர் போடும் நேரம் அது இறங்கும். அரிவுவெட்டு முடிந்து மில் ஓடும் நாட்களிலும், பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போதும் பல்ப் மினுங்குவதைக் கண்ணாலேயே காணலாம். ஹேங் ஆன நேரங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எல்லாம் பின்னேரம் 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் விழுந்தால், வேறு எதையும் கழற்ற முதல் பிளக் பேஸில் மல்டிமீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை வயரிங் தெரிந்தவர் செய்யட்டும்.

நல்ல பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், கரண்ட் அறுந்தாலும் 16 மில்லிசெக்கனுக்குக் கிட்டத் தாக்குப்பிடிக்கும். கேசிங்கோடு இலவசமாக வருகிற பெட்டியில் இந்தக் குணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அதன் மேல் பெரிய எழுத்தில் "800 வாட்" என்று இருந்தாலும், லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை அம்பியர் என்று தேடுங்கள். 30 அம்பியர் என்றால் 12ஆல் பெருக்கி 360 வாட். சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் அநேகமாக அந்த 12 வோல்டிலிருந்துதான் குடிக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 தனியே 170 வாட் கேட்கும், 3080 என்றால் 320. அதுவும் சராசரிதான், பெரிய கார்டுகள் சில மில்லிசெக்கனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரை இழுக்கும். 3060க்கு 550 வாட், 3080க்கு 750 வாட், பெயருள்ள தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு குறைவென்றால் ஒளிரும் ஃபேன்களை விட்டுவிட்டு இதில் போடுங்கள்.

அளந்து பார்க்க விரும்பினால், கேம் ஓடும்போது நாலு கம்பி மொலெக்ஸ் இணைப்பில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை நிற்க வேண்டும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆள் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் தேங்கியிருக்கும்.

கையில் மீற்றர் இல்லாவிட்டால் இன்னொரு வழி: எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75 வீதத்துக்கு இறக்கி, ஃபிரேமை செக்கனுக்கு 60க்குக் கட்டி விளையாடுங்கள். ஹேங் நின்றால் பவர் சப்ளை அல்லது கார்ட், இரண்டில் ஒன்று. கூட்டாளி ஒருவரின் நல்ல பவர் சப்ளையை ஒரு நாள் மாற்றிப் பூட்டினால் எது என்று தெரிந்துவிடும். மாற்றும்போது அதனுடைய கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மொடியூலர் கேபிள்கள் (பவர் சப்ளையிலிருந்து கழற்றிப் பூட்டக்கூடியவை) கம்பனிக்குக் கம்பனி வேறு, பழைய கேபிளைச் செருகினால் டிஸ்க்கும் போர்டும் எரியும்.

யூபிஎஸ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கடையில் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ் தரக்கூடியது ஏறக்குறைய 360 முதல் 390 வாட்தான். மொனிட்டரையும் சேர்த்தால் நடுத்தரக் கேமிங் மெஷின் அதன் விளிம்பில் நிற்கும், கரண்ட் போன கணம் யூபிஎஸ் கூவிவிட்டு அணையும். பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் நலிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். யூபிஎஸ் இல்லாமல் நேரே சுவரில் செருகி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றால் குற்றவாளி அதுவே. சதுர அலை இன்வெர்ட்டரிலும் சின்னப் பெற்றோல் ஜெனரேட்டரிலும் கேம் விளையாடாதீர்கள்.

கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் ஏர்த் இல்லை. மூன்று கம்பிப் பிளக்கை இரண்டு கம்பி அடப்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது ஏர்த் கம்பி நட்ட மண் கோடையில் வரண்டிருக்கும். மல்டி பிளக் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

றாம்

றாமுக்கு மூன்று வேலை. இரண்டு குச்சி என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் "டிக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு பயோஸில், றாமைச் சாதாரண வேகத்தைவிடக் கூட்டி ஓட்டும் எக்ஸ்எம்பி (XMP) அல்லது எக்ஸ்போவை (EXPO) நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள். ஹேங் போனால் அந்த வேகத்தை இந்தப் போர்டும் சிபியுவும் தாங்கவில்லை, ஒரு படி குறைத்து வையுங்கள். நாலு குச்சி போட்ட ஏஎம்5 மெஷினில் (ரைசன் 7000 போன்றவை பூட்டும் போர்ட்) இது வழமை; அங்கே ஏஎம்டி உறுதி தருவதே 3600 வேகத்துக்குத்தான். மூன்றாவது, றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க, குறைந்தது நாலு சுற்று ஓட விடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் பிழைதான். குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எது என்று பிரியுங்கள். டிடிஆர்5 போட்ட மெஷின் முதல் தடவை எழும்பும்போது சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும், அது ஹேங் அல்ல; அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ5, ஐ7, ஐ9களில் வோல்டேஜ் கூடிப்போய்ச் சிப் மெல்ல மெல்லக் கெடும் ஒரு பழுது இருந்தது. பெயரில் கே (K) என்று வரும் பெரிய வகைகளில் அதிகம். கேம் ஷேடர்களை (படத்தைத் தீட்டும் சின்ன நிரல்களை) தொகுக்கும்போது, கார்டில் இடம் இருக்கும்போதே "வீடியோ மெமரி போதாது" என்று வந்து மூடுவது அதன் அடையாளம். 2024 செப்டம்பரில் அதற்கான திருத்தமாக 0எக்ஸ்12பி (0x12B) மைக்ரோகோட், அதாவது சிப்புக்குள் ஓடும் மென்பொருள், பயோஸோடு வந்தது. பயோஸை அதுவோ அதற்குப் பிந்தியதோ உள்ளதாக மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சுகப்படுத்தாது. வொறன்டியில் மாற்றுவதே வழி. பயோஸ் மாற்றும்போது கரண்ட் போனால் போர்டே போகலாம் என்பதால் கரண்ட் கட் அறிவிப்பைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள்.

டிஸ்க்குக்குக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். அதன் பட்டியலில் சி5 (C5, வாசிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) எண்ணில் பூச்சியம் தவிர எது இருந்தாலும் டிஸ்க்கை நம்ப வேண்டாம். சி7 (C7, கேபிள் வழியில் வந்த பிழைகள்) கூடிக்கொண்டு போனால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிளை மாற்றுங்கள். எஸ்எஸ்டியில் 15 வீதம் வெறுமையாக விடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று வேர்ச்சுவல் மெமரியை (றாம் போதாதபோது டிஸ்க்கைப் பாவிக்கும் ஏற்பாட்டை) நிறுத்தியிருந்தால் அதைத் திரும்ப வின்டோஸின் பொறுப்பிலேயே விடுங்கள்.

டிரைவர் சந்தேகம் என்றால் புதியதை முதலில் இறக்கி வைத்து, இன்டர்நெட்டைக் கழற்றி, சேஃப் மோடில் டிடியு (டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டோலர்) கொண்டு பழையதைத் துடைத்துப் பின் போடுங்கள். இத்தனைக்கும் பிறகு ஹேங் மிச்சம் என்றால் இப்போது ஃபோமட் அடிக்கலாம்.

வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கடைக்குக் கொண்டுபோவதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். கிரவல் ரோட்டில் குலுங்கினால் கார்டின் பாரம் போர்டின் ஸ்லொட்டையே உடைக்கும். கேசிங்கை மதர்போர்ட் அடியில் வரும்படி படுக்க வையுங்கள். ஹேங் நேரம் எழுதிய கொப்பி, எச்டபிள்யூ இன்ஃபோ பதிவு, பில், வொறன்டி ஸ்டிக்கர் கிழியாத பாகங்கள் எல்லாம் கூடவே போகட்டும். திரும்பக் கொண்டுவந்து கரண்ட் கொடுக்க முதல் றாமையும் கார்டையும் ஒருமுறை கழற்றிப் பூட்டுங்கள்.