அல்டிமேட் ஃபிரிஸ்பீ: பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாத இடங்கள்

அல்டிமேட் என்பது பறக்கும் தட்டை (டிஸ்க்) எறிந்து பிடித்து இரு அணிகள் ஆடும் ஆட்டம். இதில் உலகப் போட்டியில்கூட நடுவர் கிடையாது. ஃபவுல் என்றால் பாதிக்கப்பட்டவரே சொல்ல வேண்டும். எதிராளி ஏற்கலாம், மறுக்கலாம். இதை மாணவர்களுக்குக் கற்றுத்தர வரும் புதியவர்கள், முன்பு நாங்கள் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது போன்ற, மாணவர் செய்யும் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே சரியாகும்.

பயிற்சியாளரே தீர்ப்புச் சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு பள்ளி ஆட்டத்தில், கோட்டருகே ஒரு மாணவி பாய்ந்து டிஸ்க்கைப் பிடித்தாள். "உள்ளே" என்றாள் அவள். "வெளியே" என்றான் தடுத்தவன். இருவரும் பேச வாயெடுப்பதற்குள் ஓரத்தில் நின்ற ஆசிரியர், "உள்ளேதான், நான் பார்த்தேன்!" என்று கூவிவிட்டார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன்பிறகு எந்தச் சச்சரவு வந்தாலும் எல்லா முகங்களும் அவர் பக்கமே திரும்பின. ஆட்டம் முடிவதற்குள் பிள்ளைகள் அவரிடம் வழக்காடத் தேர்ந்துவிட்டார்கள். ஒருவரோடொருவர் பேசுவது அடியோடு நின்றுபோனது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். யார் எங்கே நின்று பார்த்தார்கள், யாருக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தது என்று அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். ஒத்துவரவில்லையா, விதியிலேயே வழி இருக்கிறது: டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பும், ஆட்டம் தொடரும். வெளியில் நிற்பவர்கள் தலையிடக் கூடாது என்பதும் விதிதான். ஆடுபவர் கேட்டால் மட்டும் கண்டதைச் சொல்லலாம். ஆபத்தான மோதல் என்றால் வேறு கதை, உடனே நிறுத்துங்கள்.

ஃபவுல் சொல்லாத பிள்ளையைப் பாராட்டுவது

இடிபட்டவர் பேசாமல் இருந்தால், இடித்தவருக்குத் தெரிவது எப்படி? அடுத்த முறை இன்னும் பலமாக இடிப்பார். பயிற்சியில் வேண்டுமென்றே ஃபவுல் சொல்ல வையுங்கள், மறுக்கவும் வையுங்கள். மறுப்பைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்கப் பழக்கம் வேண்டும்.

முதல் நாளே விதிப்புத்தகம் முழுவதும்

வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிட் மதிப்பெண்ணை வாரி வழங்குவது

ஆட்டம் முடிந்ததும், எதிரணி எவ்வளவு நேர்மையாக, பண்போடு ஆடியது என்று ஒவ்வொரு அணியும் போடுவதுதான் ஸ்பிரிட் மதிப்பெண். ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றாலே 'நன்று'. இது தெரியாமல் மொத்தம் 10 வாங்கிய அணி முகம் தொங்கிப்போகிறது. வென்றவர்கள் தாராளமாக 4 போடுகிறார்கள். தோற்றவர்கள் ஆத்திரத்தில் 0 போடுகிறார்கள். இரண்டில் எதைப் போட்டாலும் அதற்கான சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அழித்துவிட்டு 2 எழுதட்டும்.