சின்ன வேனில் இரண்டு ஸ்கிரேம்ளர்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்ட, ஞாயிறுதோறும் இரண்டு ஸ்கிரேம்ளரை (மண் பாதையில் ஓட்டும் மோட்டார்சைக்கிள்) ஒரே வேனில் ஏற்றிப் போகிறோம். ஹேண்டல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலம். ஒரே பக்கம் பார்த்து நிறுத்தினால் இடிக்கும். ஒன்றை முன்பக்கம் பார்த்தும் மற்றதைப் பின்பக்கம் பார்த்தும் நிறுத்துங்கள்.

கட்டுவதில்தான் கவனம் வேண்டும். முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்களை) முழுவதுமாக அமுக்கிக் கட்டினால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்குக் கேடு. அண்ணன் சொல்லும்வரை நானும் அப்படித்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மரக்கட்டை ஒன்றைச் செருகி, அது அசையாமல் பிடிக்கும் அளவுக்கு ராட்செட் வாரை (இறுக்கிக் கட்டும் பட்டையை) இழுத்தால் போதும். இரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, வார் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். பெட்ரோல் ஆவி உள்ளே தேங்கக் கூடாது. மழை நாளில் வண்டியை வேனில் ஏற்றும் பலகை வழுக்கும், தனியாக ஏற்ற வேண்டாம்.