உற்பத்திக் காடுகளின் கார்பன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்துக்காகவே பராமரிக்கப்படும் காடுகளின் கார்பன் கணக்கை, அதாவது அவை எவ்வளவு கார்பனைச் சேர்க்கின்றன, இழக்கின்றன என்ற கணக்கை, புதிதாகப் போடுகிறவர்கள், எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். கூட்டல் பிழை, அலகுப் பிழையெல்லாம் எப்படியும் கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விறகின் புகைக்குப் பூஜ்யம் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மரத்தை எரித்து மின்சாரம் எடுத்தால், ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) வழிகாட்டுதலின்படி அந்தக் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தித் துறையின் மொத்தத்தில் சேராது. மரம் வெட்டப்பட்டபோதே அந்த இழப்பு கணக்கின் நிலத் துறையில் (காடு, வேளாண்மை சார்ந்த பகுதியில்) பதிவாகிவிடும், இரண்டு முறை எண்ணக் கூடாது என்பதுதான் காரணம். அதையே ‘விறகுக்கு உமிழ்வே கிடையாது’ என்று புரிந்துகொள்கிறார்கள். அண்மையில் சரிபார்த்த ஒரு வரைவில் எரிசக்திப் பக்கம் பூஜ்யம் இருந்தது. நிலப் பக்கத்தைப் புரட்டினால் அறுவடைக்கு வரியே இல்லை. வெட்டிய மரம் மொத்தமும் எந்தப் பக்கத்திலும் இல்லை! இப்படிப்பட்ட கணக்கை நம்பித்தான் மானியம் ஒதுக்கப்படுகிறது.

எல்லை தாண்டினால் சிக்கல் கூடும். அமெரிக்காவின் தென்கிழக்கில் வெட்டப்படும் மரம் பெல்லட்டாகி (அழுத்திய மரத்தூள் கட்டியாகி) பிரிட்டனில் எரிகிறது. இழப்பு அமெரிக்கக் கணக்கில், பூஜ்யம் பிரிட்டன் கணக்கில்.

‘வளர்வதைவிடக் குறைவாகத்தானே வெட்டுகிறோம்?’ என்று கேட்பார்கள். சரி, ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மரத்தூளும் பட்டையும் எப்படியும் மட்கிப் போகிறவை, அவற்றை எரிப்பது வேறு விஷயம். முழு அடிமரத்தை எரித்தால் அது திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். 2050க்குள் நிகர பூஜ்யம் என்று சொல்லும் நாட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

வெட்டியதெல்லாம் அன்றே காற்றில் போனதாக எழுதுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. மரப்பொருளுக்குள் கார்பன் சில காலம் தங்கியிருக்கும். ஐபிசிசி தரும் பொதுவான அரை ஆயுள் (அதில் பாதி வெளியேற ஆகும் காலம்) அறுத்த மரத்துக்கு 35 ஆண்டு, பிளைவுட் போன்ற பலகைகளுக்கு 25, காகிதத்துக்கு 2. மரம் எதுவாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.

இருப்பை வரவாகக் காட்டுவது

காட்டில் நிற்பது இருப்பு. இந்த ஆண்டு அது எவ்வளவு கூடியது என்பதே வரவு.

பீட் நிலத்தில் நீரை வடித்து மரம் நடுவது

வேண்டாம். பீட் என்பது நீர் தேங்கியதால் முழுதும் மட்காத தாவர எச்சம் சேர்ந்த மண், நீரை வடித்தால் அது மட்கிக் கார்பனை வெளிவிடும். மரம் சேர்ப்பதைவிட மண் இழப்பது அதிகமாகிவிடலாம்.