வாஷிங் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குத்தான் ஒத்துவரவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

புது மெஷினை மாட்டிவிட்டுப் போன மறுநாளே தண்ணீர் ஏறவில்லை என்று எரர் காட்டும். கம்பெனி சர்வீஸ் ஆள் வருவார், குழாயைத் திறந்து பார்ப்பார், "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், உங்க வீட்ல பிரஷர் பத்தல" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடைக்குப் போன் செய்தால், "கம்பெனியே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே, நாங்க என்ன பண்றது?" என்பார்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் பலருக்கு இது பழகிய கதை.

பழுதான பொருளை மாற்றித் தரச் சொல்வது எப்படி என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பொருள் நன்றாக இருந்து, வைத்த இடத்துக்குப் பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். இந்தியச் சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது. ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

படி 1: எவ்வளவு பிரஷர் வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்

மெஷினோடு வந்த கையேட்டை எடுங்கள். தொழில்நுட்ப விவரங்கள் இருக்கும் பக்கத்தில் தண்ணீர் அழுத்தம் என்று ஒரு வரி இருக்கும். 0.03 மெகாபாஸ்கல் முதல் 0.8 மெகாபாஸ்கல் வரை என்பதுபோல் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது அதில் சின்ன எண். 0.03 மெகாபாஸ்கல் என்றால் 0.3 பார் (பார் என்பதும் அழுத்தத்தை அளக்கும் அலகுதான்). சில மாடல்கள் 0.5 பார், 1 பார் என்றுகூடக் கேட்கும்.

உங்கள் வீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று அறிய அளவு நாடா போதும். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அதாவது ஒரு மீட்டருக்கு 0.1 பார். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மெஷினுக்குப் போகும் குழாய் வரை செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று பாருங்கள். குழாய் எவ்வளவு நீளமாக வளைந்து வந்தாலும் உயரம்தான் கணக்கு. மொட்டைமாடித் தரையிலேயே சின்டெக்ஸ் தொட்டி உட்கார்ந்திருக்கிறது, கீழே 10 அடி உயர அறை, மெஷின் குழாய் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் என்று வையுங்கள். தொட்டி கிட்டத்தட்ட காலியான நேரத்தில் மொத்த உயரம் இரண்டரை மீட்டர் இருந்தால் பெரிது. 0.25 பார். அதிலும் வளைவுகளும் துருப்பிடித்த பழைய குழாயும் கொஞ்சம் தின்றுவிடும். 0.3 கேட்கும் மெஷின் இங்கே தடுமாறத்தான் செய்யும்.

நாடாவை வைத்து அளப்பதைப் படம் எடுங்கள். எரர் வரும்போது வீடியோ எடுங்கள். சர்வீஸ் ஆள் எழுதிய ஜாப் ஷீட்டின் நகலை விடாதீர்கள். "பிரஷர் போதவில்லை, மெஷின் சரி" என்ற அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கடைக்காரர் உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார். ஆனால் இந்த மெஷின் இந்த வீட்டுக்கு ஆகாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட சாட்சியும் அதுதான். கையெழுத்துப் போடும் முன், "மேல்மாடி வீடு என்று வாங்கும்போதே கடையில் சொல்லியிருந்தேன்" என்று உங்கள் கையால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நிஜமாகச் சொல்லியிருந்தால் மட்டும்.

படி 2: கடையில் என்ன பேசினீர்கள் என்று யோசியுங்கள்

வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு சொல்வது இது: பொருள் எதற்காக வேண்டும் என்பதை வாங்குபவர் விற்பவரிடம் தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவாவது பொருந்தியாக வேண்டும். பில்லில் எழுதியிருக்காவிட்டாலும் இந்த நிபந்தனை அந்த விற்பனைக்குள் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எங்க வீடு மேல்மாடி, தண்ணி மெதுவாத்தான் வரும், இது ஓடுமா?" என்று நீங்கள் கேட்டு, "தாராளமா ஓடும்" என்று அவர் சொல்லியிருந்தால் நீங்கள் உறுதியான தரையில் நிற்கிறீர்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு வருகிறது. அதில் குறைபாடு என்பதன் விளக்கம் உடைசல், பழுதோடு நிற்கவில்லை. வியாபாரி எந்த வகையில் சொல்லியிருந்தாலும், அவர் சொன்ன தரத்துக்குப் பொருள் குறைவாக இருந்தால் அதுவும் குறைபாடுதான். எந்த வகையிலும் என்பதில் வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப்பும் விளம்பரமும் அடங்கும். ஆகவே "மெஷினில் பழுது இல்லை" என்ற பதில் உங்கள் புகாருக்குப் பதிலே இல்லை. அந்தச் சண்டைக்குள் இறங்காதீர்கள். மோட்டார் சரியில்லை, போர்டு சரியில்லை என்று எழுதினால் அவர்கள் சோதனை போட்டுச் சுலபமாக உங்களைத் தோற்கடித்துவிடுவார்கள்.

அதே 16ஆம் பிரிவில் ஒரு முள்ளும் இருக்கிறது. குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் மேலே சொன்ன நிபந்தனை பொருந்தாது. யாரிடமும் எதுவும் கேட்காமல் நீங்களே இணையத்தில் விமர்சனம் படித்து, இந்த பிராண்டில் இந்த மாடல் வேண்டும் என்று வாங்கியிருந்தால் வழக்கு பலவீனம்தான். அப்போது வேறு பிடி தேட வேண்டும். குறைந்த பிரஷரிலும் ஓடும் என்று விளம்பரத்திலோ தயாரிப்புப் பக்கத்திலோ இருந்ததா? இருந்தால் அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாறிவிடலாம். மாட்ட வந்தவர் பிரஷரைப் பார்க்காமலேயே டெமோ காட்டிவிட்டுப் போனாரா? சேவையில் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆனால் வேண்டுமென்றே மறைத்தார் என்று காட்டுவது லேசான வேலை இல்லை.

பேச்சுக்கு ஆதாரம் இல்லையா? விற்பனையாளருக்கு இன்றே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "அன்றைக்கு மேல்மாடி என்று சொன்னபோது ஓடும் என்றீர்களே, இப்போது தண்ணீரே ஏறவில்லை." பெரும்பாலும் "சார், அப்ப தெரியல" என்பதுபோல் ஏதாவது பதில் வரும். அந்தப் பதில் போதும். கூட வந்த வீட்டாரும் சாட்சி சொல்லலாம்.

இன்னும் வாங்காதவர்கள் இதே கேள்வியை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துவிடுங்கள்.

படி 3: வேண்டாம் என்பதை உடனே எழுத்தில் சொல்லுங்கள்

பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி நாலு மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் பணம் கேட்டால் எடுபடாது. நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். சர்வீஸ் ஆள் வந்துபோன வாரத்திலேயே கடிதம் போய்விட வேண்டும். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும். மாதிரி:

"நான் …… தேதியில், பில் எண் …… படி, உங்கள் கடையில் …… மாடல் வாஷிங் மெஷினை ரூ. …… கொடுத்து வாங்கினேன். என் வீடு மேல்மாடியில் இருப்பதையும், தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே இருப்பதையும் வாங்கும் முன்பே உங்கள் விற்பனையாளரிடம் சொன்னேன். இந்த மாடல் அங்கே ஓடும் என்று அவர் சொன்னதை நம்பியே வாங்கினேன். கையேட்டின்படி குறைந்தது …… அழுத்தம் தேவை. என் வீட்டில் கிடைப்பது சுமார் ……. அழுத்தம் போதவில்லை என்று …… தேதியில் வந்த சர்வீஸ் ஊழியரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே இந்தப் பொருளை ஏற்க மறுக்கிறேன். 15 நாட்களுக்குள் மெஷினை எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் திருப்பித் தரவும், அல்லது இந்த அழுத்தத்தில் ஓடும் வேறு மாடலை மாற்றித் தரவும்."

கோபமான வரிகள் எதுவும் வேண்டாம். "மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து போடுங்கள், பார்க்கலாம்" என்று சொன்னால் வண்டி பிடிக்காதீர்கள். ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்டவர் இல்லை, மறுப்பைத் தெரிவித்தாலே போதும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. வேறுவிதமாக நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால் தவிர.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கும். அதைக் காட்டியதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. இந்த 30 நாளுக்காகவும்தான் கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

ஆன்லைனில் வாங்கியவர்கள் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

படி 4: பம்ப் போடச் சொன்னால்?

"ஒரு பூஸ்டர் பம்ப் போட்டுக்கோங்க, சரியாயிடும்" என்பார்கள். உண்மையில் பல வீடுகளில் அது சரியான தீர்வுதான். என்னைக் கேட்டால், பம்ப் செலவைக் கடையோ கம்பெனியோ ஏற்றுக்கொண்டால் முடித்துக்கொள்ளலாம். வழக்கு நடத்தும் அலைச்சல் மிச்சம். ஆனால் பம்புக்குக் கரண்ட் இழுக்க வேண்டும், சத்தம் வரும், வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். நீங்களே காசு போட்டு மாட்டிவிட்டு அப்புறம் மெஷினைத் திருப்பித் தருகிறேன் என்பது எடுபடாது. ஒத்துக்கொள்வதென்றால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

படி 5: 1915

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது; புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கடைக்காரரிடம் நகராத விஷயம் சில நேரம் இங்கே நகர்ந்துவிடும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

இதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இங்கேதான். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

தாக்கல் செய்ய வேண்டியவை: புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், கையேட்டின் அந்தப் பக்கம், ஜாப் ஷீட், அளவுப் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய கடிதமும் ரசீதும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கை காட்டுவார். விலையைத் திருப்பித் தருவது, மாற்றித் தருவது, இழப்பீடு, வழக்குச் செலவு என்று வேண்டியதையெல்லாம் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். வழக்கை 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் முகம் சுளிக்காமல் போய் உட்காருங்கள், மாற்று மாடல் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். தோற்றால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு.

மற்ற பொருட்களுக்கு எதை அளப்பது?

வழி இதேதான், படி 1 மட்டும் மாறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் அதன் தகட்டில் தட்பவெப்ப வகுப்பைப் பாருங்கள். N என்ற வகுப்பு அறை வெப்பம் 32 டிகிரி வரை, ST 38 வரை, T 43 வரை. மதியம் அறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்தால் கதை தெரிந்துவிடும். போர்வெல் தண்ணீரில் ஆர்ஓ சுத்திகரிப்பான் அடிக்கடி அடைத்துக்கொண்டால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரை வைத்துப் பார்த்து, கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். வாட்டர் ஹீட்டரில் உப்புப் படிந்தால் தண்ணீரின் கடினத்தன்மையை ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். அங்கே வாரண்டி அட்டையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். உப்புப் படிவதால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தால், இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி விற்கும்போது ஏன் கேட்கவில்லை என்று கடிதத்தில் கேளுங்கள்.