ஆக்டேவ் பெடல் வாங்கும் முன்: வகை, ஸ்பீக்கர், கடையில் செய்ய வேண்டிய சோதனை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சர்ச் பாடகர் குழுவிலும் கல்யாண மேடையிலும் வாசிக்கிற கிட்டார்காரர்கள் ஆக்டேவ் பெடல், அதாவது வாசிக்கும் ஸ்வரத்தோடு அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழேயோ மேலேயோ சேர்த்துத் தரும் பெடல், தேடுவது பல நேரம் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால்தான். பேஸ் வாசிக்கிறவர்களின் தேவை வேறு. கீபோர்டில் வரும் சிந்த் (சிந்தசைசர்) பேஸ் போலத் தடித்த ஒலி அவர்களுக்கு வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பெடலை வாங்கினால் ஒருவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றம். அதனால் விலையையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன், ஒற்றை ஸ்வரமாக வாசிக்கப் போகிறீர்களா, கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக) பிடித்து வாசிக்கப் போகிறீர்களா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒற்றை ஸ்வரம் என்றால் அனலாக் வகை போதும். பாஸ் (Boss) நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த ஓசி-2 இதற்கு நல்ல உதாரணம். உள்ளே வரும் அலையின் அதிர்வெண்ணை ஒரு சுற்று இரண்டால் வகுத்து, ஒரு ஸ்தாயி கீழே புதிய ஒலியை உண்டாக்குகிறது. மறுபடி வகுத்தால் இரண்டு ஸ்தாயி கீழே. வெளியே வருவது சதுர அலைக்கு நெருக்கமானது. அந்தச் சிந்த் குணம் அதனால்தான் வருகிறது. ஆனால் இரண்டு கம்பி சேர்ந்து அதிர்ந்தால் எதை வகுப்பது என்று அந்தச் சுற்றுக்குத் தெரியாது. ஒலி தடுமாறி, உடைந்து, ஏப்பம் விடும். பெடல் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், அதன் வேலைமுறையே அப்படி. பேஸுக்கென்றே வந்த எம்எக்ஸ்ஆர் பேஸ் ஆக்டேவ் டீலக்ஸையும் ஒற்றை ஸ்வரத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

கார்டு வாசிக்க வேண்டுமென்றால் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் கையாளும் பாலிஃபோனிக் டிஜிட்டல் வகைதான். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் மைக்ரோ பாக், நானோ பாக், டிசி எலெக்ட்ரானிக்கின் சப் அண்ட் அப், பாஸ் ஓசி-5 எல்லாம் இதில் அடங்கும். ஓசி-5-ல் பழைய ஓசி-2 ஒலிக்கென்று தனி மோடும் இருக்கிறது. கிட்டார், பேஸ் என்று மாற்றும் சுவிட்சும் உண்டு. பேஸ் ஆள் இல்லாத குழுவுக்கு இதை முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். பாலி மோடில் ரேஞ்ச் குமிழைத் திருகி, கார்டின் அடி ஸ்வரத்துக்கு மட்டும் கீழ் ஸ்தாயி சேர்க்கலாம். மேல் கம்பிகள் தெளிவாகவே இருக்கும். எல்லாக் கம்பிக்கும் கீழ் ஸ்தாயி சேர்ந்தால், கீர்த்தனைக்குக் கார்டு பிடிக்கும்போது அடியில் சேறு கலக்கினது மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, ஃபஸ் எனும் கரகரத்த சிதைவொலியோடு மேல் ஸ்தாயி தரும் வகை. ரோஜர் மேயர் செய்து, 1967-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்திய ஆக்டேவியாவின் வழிவந்தவை. அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுவதால் அதிர்வு இரட்டிப்பாகக் கேட்கிறது. நெக் பிக்கப் (கழுத்துப் பக்கப் பிக்கப்), டோன் குமிழ் முழுக்கக் குறைவு, 12-வது ஃப்ரெட்டுக்கு மேல்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மேல் ஸ்தாயி துலங்கும். ராக் லீடுக்கு அருமையானது. பாடகர் குழுவுக்கு இது வேண்டாம்.

இனி ஸ்பீக்கர். காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கிட்டாரின் தடித்த ஈ கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே போனால் 41 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த வீட்டு ஆம்ப்பில் அது எழும்பவே எழும்பாது. கூம்புதான் படபடவென்று அடிக்கும். சர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலம் (column) ஸ்பீக்கரின் நிலையும் அதுவே, ஏனென்றால் அது பேச்சுக்காகச் செய்தது. கீழ் ஸ்தாயிக்காகப் பெடல் வாங்குகிறீர்கள் என்றால் 15 அங்குலப் பேஸ் ஆம்ப் அல்லது சப்-வூஃபர் உள்ள செட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேல் ஸ்தாயிக்கு முக்கியத்துவம் கொடுங்கள். சின்ன ஸ்பீக்கரில்கூட அது 12 கம்பிக் கிட்டார் போல நன்றாக எடுக்கும்.

மிக்ஸரில் நேராகக் குத்தும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். சேனலில் லோ கட் பட்டன் அழுத்தியிருந்தால் 75, 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது வெட்டிவிடும். மைக்குக்காக அழுத்தி வைத்ததை மறந்துவிட்டு, “பெடல் சத்தமே வரவில்லை” என்று தேடிக்கொண்டிருப்பது மேடையில் அடிக்கடி நடக்கிற விஷயம். சவுண்ட் செட்காரரிடம் சொல்லி அந்தச் சேனலில் மட்டும் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பேஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு. பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் கீழ் ஸ்தாயி 20.6 ஹெர்ட்ஸ், காது கேட்கும் எல்லையின் விளிம்பு. அங்கே ஆம்ப் சூடாவதுதான் மிச்சம். டி கம்பியில் 7-வது ஃப்ரெட்டில் ஏ வாசித்தால் 110 ஹெர்ட்ஸ். கீழ் ஸ்தாயி 55, அதாவது திறந்த ஏ கம்பியின் ஸ்வரம். அதனால் கை டி, ஜி கம்பிகளில் 5-லிருந்து 12-வது ஃப்ரெட் வரை இருக்கட்டும். ஆக்டேவ் பேஸ் வாசிப்பின் இடம் அதுதான்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கம்பி பழசாக இருந்தால் மாற்றிவிட்டு, சுருதி சரியாகச் சேர்த்துப் போங்கள். பெடலில் மூல ஒலிக்கான டிரை குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஒரு ஸ்தாயிக் குமிழை மட்டும் ஏற்றுங்கள். மூல ஒலி கலந்திருந்தால் குறை மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் 12-வது ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, எந்த ஃப்ரெட்டில் ஒலி நடுங்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு ஸ்வரத்தை அடித்து, தானாக அடங்கும்வரை விடுங்கள். அடங்கும்போது தத்தித் தத்திக் குதித்தால் மெதுவான பாட்டுக்கு அந்தப் பெடல் உதவாது. அதன்பின் ஜி கார்டு, ஈ மைனர், கடைசியில் வேகமான ஒரு ரன். தடித்த ஈ கம்பியின் ஒரு சுழற்சிக்கே 12 மில்லிசெகண்ட் ஆகும். பேஸ் ஈ-க்கு 24. டிஜிட்டல் பெடல் அடி ஸ்வரங்களில் சற்றுத் தாமதிப்பது இதனால் இயல்பே. ஆனால் கை முன்னே போய் ஒலி பின்னே வருவதாக உணர்ந்தால் அதை வாங்க வேண்டாம்.

நல்ல பெடலும் தடுமாறினால் முதலில் கையைப் பாருங்கள். வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையால் அடக்குங்கள், நெக் பிக்கப்புக்கு மாறுங்கள், டோனைப் பாதியாகக் குறையுங்கள். மேல்சுரங்கள் குறைந்தால் பெடலுக்கு அடிப்படை அதிர்வு தெளிவாகக் கிடைக்கும். ஆக்டிவ் பேஸாக (உள்ளே பேட்டரி உள்ளது) இருந்தால் வால்யூமையும் கொஞ்சம் இறக்குங்கள்.

பெடல் வரிசையில் ட்யூனருக்கு அடுத்த இடம் ஆக்டேவ் பெடலுக்கு. இதற்கு முன்னால், ஒலி ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் வைக்கலாம். ஸ்வரம் சீராக நீள்வதால் டிராக்கிங், அதாவது பெடல் ஸ்வரத்தைப் பின்தொடர்வது, மேம்படும். ஓவர்டிரைவ், டிலே, ரிவெர்ப் எல்லாம் பின்னால். தொடக்கத்துக்கு டிரை 12 மணி நிலையில், கீழ் ஸ்தாயி 10 மணியில். மைக்ரோ பாக், ஓசி-5 இரண்டிலும் மூல ஒலிக்குத் தனி அவுட் இருக்கிறது. அதைக் கிட்டார் ஆம்ப்புக்கும் மற்றதைப் பேஸ் ஆம்ப்புக்கும் கொடுத்தால், ஆள் இல்லாத பேஸ் இடம் உண்மையிலேயே நிரம்பும்.

அடாப்டர் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். எத்தனை மில்லிஆம்ப் வேண்டும் என்பது பெடலின் அடியிலோ கையேட்டிலோ இருக்கும். டிஜிட்டல் பெடல் அனலாக்கைவிட அதிகம் இழுக்கும். ஒரே அடாப்டரில் சங்கிலியாக நாலைந்து பெடலைக் கோத்தால் டிஜிட்டல் பெடல் மற்றவற்றுக்குள் கீச்சொலியை ஏற்றிவிடும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது இது இன்னும் மோசமாகும். தனித்தனி அவுட்லெட் உள்ள ஐசொலேட்டட் பவர் சப்ளை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பெடல் வாங்குகிறவர்கள் குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இருந்தது என்றால் அடித்தகட்டைத் திறந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள். உப்புக்காற்று பட்டால் ஜாக்கிலும் பேட்டரி முனையிலும் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு ஏறும். குமிழ் திருகும்போது கரகரப்பது மட்டுமென்றால் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது முறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். களிம்பு சர்க்யூட் போர்டு வரை பரவியிருந்தால் அந்தப் பெடலை விட்டுவிடுங்கள். வாங்கியபின், வாசிக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி, மூடியுள்ள டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.