தோட்டத்துல 'நட்ஜ்' பண்ண வர்ற பிள்ளைகளுக்கு

நட்ஜ்னா வற்புறுத்தாம, சின்னச் சின்ன மாத்தத்தால ஆளுங்கள நல்ல முடிவு பக்கம் லேசா தள்ளிவிடுறது. அதுக்காக இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு புதுசா வர்ற ஒவ்வொரு டீமும் ஹட்டன்ல பஸ்ஸ விட்டு எறங்குறதே ஒரு கட்டு போஸ்டரோடதான். நல்ல பிள்ளைகள்தான், ஆனா வருஷா வருஷம் அதே பழைய கூத்து. லேட்டா வர்றது, ஃபோம்ல பிழை விடுறது எல்லாம் நான் சொல்லித் தெரியத் தேவையில்ல. கீழ தலைப்பா போட்டிருக்கிற நாலு பிழையத்தான் சொல்ல வந்தேன்.

"இவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"

எனக்கு இன்னும் எரிச்சல் வர்றது இதுலதான். 2023ல அஸ்வெசும (அரசாங்க நலன்புரி உதவிப்பணம்) வந்தப்ப யாருக்கு மாசம் 8,500 ரூபா, யாருக்கு 15,000னு கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு மனப்பாடம். தெரியாம இல்ல, போய் வர முடியல. ஒரு அக்கா அப்பீல் குடுக்க டவுனுக்கு வந்தாங்க, அன்னைக்கு பேர் (ஒரு நாள் வேலைக்கணக்கு) இல்ல, 2024ல 1,350 ரூபா ஆன அடிப்படை நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு வேற. கவுன்டர்ல "ஜீஎஸ் (கிராம சேவகர்) கடிதம் எங்க, எடுத்துட்டு வாங்க". ஜீஎஸ் ஆபிசில இருக்கிறது வேற நாள், அதுக்கு ஒரு பேர், திரும்ப டவுனுக்கு வர இன்னொரு பேர். பேப்பரெல்லாம் ஷொப்பிங் பேக்ல மடிச்சு வச்சுட்டு "பாப்போம் தம்பி"ன்னு போனவங்க திரும்பி வரல. நம்மாளுங்க அதே லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்ல) கூட்டம் போட்டு ஸ்லைட் காட்டிட்டு, ரிப்போர்ட்ல "மக்களிடம் ஆர்வம் குறைவு"ன்னு எழுதுறாங்க. ஆர்வமாம்!

2012ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கு. வருமானம் குறைஞ்ச குடும்பங்க வரிக்கணக்கு போட வந்த இடத்துலயே காலேஜ் உதவிப்பண ஃபோமையும் நிரப்பிக் குடுத்தாங்க, அந்தப் பிள்ளைங்க கூடுதலா காலேஜ் போனாங்க. எவ்வளவு கிடைக்கும்னு தகவல் மட்டும் சொல்லி விட்ட குடும்பங்கள்ல ஒரு மாற்றமும் இல்ல. அதனால ஸ்லைட்ட வீட்ல வச்சுட்டு ஜீஎஸ்ஸையும் ஒரு போட்டோ கொப்பி மெஷினையும் கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு கூட்டிட்டுப் போங்க.

சம்பளத்துக்கு முந்தின வாரம் கூட்டம்

தமிழ்நாட்டு கரும்பு விவசாயிகள வச்சு 2013ல வந்த ஆய்வுல, அறுவடைக்கு முன்னாடி கைல காசில்லாதப்ப யோசிக்கிற திறன் டெஸ்ட்ல தடுமாறின அதே ஆளுங்க அறுவடைக்குப் பிறகு நல்லா செஞ்சாங்க. 10ம் தேதி சம்பளம்னா 5ம் தேதி போய் "மூணு சேமிப்புத் திட்டத்துல ஒண்ண தெரிவு செய்ங்க"ன்னு நிக்காதீங்க.

தனிச் சிங்களத்துல எஸ்எம்எஸ்

வேணாம்.

லயத்து விலாசத்துக்கு கடிதம்

தோட்ட ஆபிசுல கிடந்து கைக்கு வர்றப்ப கடைசித் தேதி முடிஞ்சிருக்கும். காலையில பெரட்டுல (வேலை பிரிச்சுக் குடுக்கிற எடத்துல) கங்காணிகிட்ட சொல்லிவிடுங்க, பத்து மணிக்குள்ள மலை முழுக்க போயிரும்.